புல்லுக்கு இறைத்த நீர்

டிசம்பர் பாதி கழிந்துவிட்டால் என் வீட்டு வாசல் புல்லைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் பினாங்கு மாநிலத்துத் தாசேக் கெலுகோரில் ஒருவர்கூடக் கிடையாது. மாலையில் மோட்டாரில் ரொட்டி விற்க வருகிற பாய், கேஸ் கொண்டுவருகிற பையன், மீட்டர் பார்க்க வருகிறவர், எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் என்று எல்லாரும் வேலியோரம் நின்று ஒரு பார்வை பார்க்கிறார்கள். "என்ன சார், இப்படிக் காஞ்சுபோச்சு?" வெயில் காய்ச்சியதை யாரும் சொல்வதில்லை. காயவிட்டவன் நான் என்பது எல்லாருக்கும் முடிவாகிவிட்ட சங்கதி.

இது போதாதென்று இங்கிலாந்திலிருந்து மகளின் உபதேசம். லீட்ஸில் வீடு வாங்கியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சின்னப் புல்தரை. அங்கே அக்டோபரிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுமாம். உதிர்ந்த இலையை வாரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். தழைச்சத்துக் குறைந்த, சாம்பல்சத்து மிகுந்த உரம் போட வேண்டும். கடைசி வெட்டில் புல்லைக் கொஞ்சம் உயரமாகவே விட வேண்டும். அப்புறம் மார்ச் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் காலடி பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். இத்தனையும் சொல்லிவிட்டு, "அப்பா, குளிர்காலத்துல புல்லு தூங்கும். அத எழுப்பாம விட்டுடணும்" என்றாள்.

இங்கே எங்கேயம்மா தூங்குகிறது? கண்ணைத் திறந்துகொண்டே சாகிறது.

குளிர்காலத்துப் புல்தரை என்று ஒன்றை நம் தமிழ் ஆட்கள் பார்த்திருந்தால் அது ஊட்டியில்தான். 1848இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவின் புல்வெளி டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தமிழ்ப் பத்திரிகைகள் வருஷம் தவறாமல் படம் போடும். அது மலை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். தாசேக் கெலுகோரோ வயல்காட்டுச் சமவெளி. எங்கள் குளிர்காலம் என்பது காலை ஆறரைக்குப் போர்வையை இழுத்துக்கொள்கிற அரை மணி நேரம். பத்து மணிக்கு வாசல் சிமெண்டில் வெறுங்காலை வைக்க முடியாது.

மலேசியா என்றால் வருஷம் முழுக்க மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேரும் அப்படித்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசுகிற வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். அதைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேரும்போது காற்றில் ஈரம் இருப்பதில்லை. பினாங்கில் அக்டோபரில் பெய்கிற மழையில் சராசரியாகக் கால்பங்குகூட ஜனவரியில் பெய்வதில்லை. டிவி செய்தியில் கோத்தா பாருவில் படகு விடுகிறார்கள். அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே என் புல் வைக்கோலாகிக்கொண்டிருக்கிறது. நாட்டில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரலில், எங்களுக்கு வடக்கே பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் அடித்தது. அந்தத் திசையிலிருந்து வருகிற அனலுக்குப் புல் என்ன செய்யும்?

முதல் கோபம் தாமான் என்கிற இந்தக் குடியிருப்பைக் கட்டியவர்கள் மேல். எங்கள் தாமான் இருக்கிற இடம் முன்பு வயல். லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கி, உருளை ஓட்டி இறுக்கி, வீடு எழுப்பி, மிச்சமான செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, காய்ந்த சிமெண்ட் எல்லாவற்றையும் முன்வாசலில் பரப்பி, அதன்மேல் நாலு விரற்கடை மண் தூவி, சதுரம் சதுரமாகப் புல்லைப் பதித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கார்னர் லாட் என்று கூடுதல் விலையும் வாங்கிக்கொண்டார்கள். வாங்குகிற நாளில் பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. பதிக்கப்பட்ட புல்லுக்கு வேர் விட இடமில்லை என்பது முதல் ஜனவரியில் தெரிந்தது. மண்வெட்டியை எங்கே போட்டாலும் 'டங்' என்று சத்தம்.

போட்டிருப்பது கவ் கிராஸ். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்த நாட்டில் சாலையோரம், பள்ளித் திடல், அரசு அலுவலக முற்றம் எங்கும் அதுதான். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலேயே பல காலம் கவ் கிராஸ்தான் இருந்தது. மழை பெய்தால் சேறாகிறது என்று காற்பந்து ரசிகர்கள் திட்டித் தீர்த்த பிறகுதான் சோய்சியா வகைக்கு மாறினார்கள். அகலமான இலை, மேலோட்டமான வேர். நிழலும் ஈரமும் இருந்தால் ராஜா. ஈரம் போய்விட்டால் முதலில் இலைநுனி சிவக்கும், அப்புறம் பழுப்பு, அப்புறம் கையில் எடுத்தால் நொறுங்கும். வறண்ட மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத புல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் அதே வாசலில், வடிகாலோரச் சிமெண்ட் வெடிப்பில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல் ஒன்று பச்சையாக நிற்கிறது. அருகம்புல். சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குச் சாத்த என் மனைவி அங்கேதான் பறிக்கிறாள். மண் இடம்கொடுத்தால் ஒரு மீட்டருக்கும் கீழே வேரை இறக்குகிற புல் அது. வெயில் எவ்வளவுக்கு உண்டோ அவ்வளவுக்குச் சந்தோஷம். அதன் கலப்பினங்களைத்தான் வெப்பநாட்டுக் கோல்ப் மைதானங்களில் கொட்டிக் கொடுத்து வளர்க்கிறார்கள். என் வாசலிலோ அது களை. புல்வெட்டுகிறவர் வெடிப்புக்குள் கம்பியை விட்டு நெம்பி, "இத விட்டா பரவிடும்ணே" என்று என்னை எச்சரிக்கிறார். பரவட்டுமே! பரவுகிற ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பரவாத ஒன்றுக்குப் பைப் தண்ணீர் பிடிக்கிறேன்.

தண்ணீர் இருக்கிறதே, அது தனி ஆதங்கம். பினாங்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிற சுங்கை டுவா எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான். தீவில் இருக்கிற ஜார்ஜ்டவுன் மாடிவீட்டுக்காரர் குளிக்கிற தண்ணீர் எங்கள் பக்கத்துத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. 2024 ஜனவரி 10ஆம் தேதி அந்தப் பெருமைக்கும் ஆபத்து வந்தது. சுங்கை டுவாவில் பழைய ராட்சத வால்வுகளை மாற்றுவதற்காக 14ஆம் தேதிவரை மாநிலம் முழுக்கத் தண்ணீர்த் தடை. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். மறுநாளே பொங்கல். வாளி, அண்டா, பேசின், பேரப்பிள்ளையின் பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். அந்த நாலைந்து நாளில் கை கழுவிய நீரை வாசலுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன் என்று சொன்னால் பெண்டாட்டி பிள்ளைகள் என்னை என்ன நினைப்பார்கள்? நினைத்ததை வாய்விட்டே சொன்னார்கள்.

தடையில்லாத நாளிலும் மனம் கூசுகிறது. நாட்டிலேயே ஆளுக்கு அதிகம் தண்ணீர் செலவழிக்கிற மாநிலங்களில் ஒன்று என்று பினாங்குக்குப் பெயர் இருக்கிறது. மாதம் 35,000 லிட்டரைத் தாண்டும் வீடுகளுக்கு மேல்கட்டணம் என்று 2010இல் கொண்டுவந்ததே இந்தத் தாராளத்தை அடக்கத்தான். சரி, மழைநீரைப் பிடித்து வைக்கலாம் என்றால் மழை இல்லை. துணி அலசிய நீரை டிரம்மில் சேர்த்து வைக்கலாம் என்றால் ரெண்டு நாள் மறந்தால் கொசுப்புழு நெளியும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, டிங்கிக் கொசுப்புழு அகப்பட்டால் 500 வெள்ளி. புல்லைக் காப்பாற்றப் போய் காய்ச்சலையும் அபராதத்தையும் ஒன்றாக வாங்க வேண்டும்.

மாலையில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பிரயோஜனம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மேலோட்டமாகத் தினமும் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். ராத்திரி முழுக்க ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். வாரம் ஓரிரு முறை விடியலில், ஆழமாக ஊறுகிற மாதிரி விட வேண்டும். ஆழம் எங்கே இருக்கிறது? நாலு விரற்கடைக்குக் கீழே செங்கல்.

இப்போது புல்வெட்டுகிறவர் சமாசாரத்துக்கு வருகிறேன். நல்ல மனிதர். பக்கத்துக் கம்பத்திலிருந்து வருகிறார். தோளில் தொங்குகிற மிஷின், நைலான் கயிறு, தலையில் துண்டு, காலில் மழைப்பூட்ஸ். காதைச் செவிடாக்கும் சத்தத்தில் அரை மணியில் வேலையை முடித்துவிடுவார். அவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "தம்பி, இந்த மாசம் கட்டையா வெட்டாதீங்க. ரெண்டு அங்குலம் நிக்கட்டும்." புல் எத்தனை உயரம் இருக்கிறதோ அதில் மூன்றில் ஒருபங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. இலைதான் நிழல், இலைதான் சமையல்கட்டு; அதைச் சிரைத்துவிட்டால் வேருக்குச் சோறு ஏது? அவர் தலையாட்டுவார். நான் தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் வாசல் மொட்டை. செம்மண் தெரியும்.

"ஏன் தம்பி?"

"கட்டையா வெட்டுனாத்தான்ணே ஒரு மாசம் தாங்கும். இல்லாட்டி ரெண்டு வாரத்துல கூப்பிடுவீங்க. அப்புறம் காசு கூடப்போச்சும்பீங்க."

அவர் நியாயம் அவருக்கு. எனக்குச் செலவு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகவே அவர் மனதார நம்புகிறார். மனதார நம்புகிறவரோடு சண்டை போடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நைலான் கயிற்றில் தெறித்த கல் பட்டு அடுத்த வீட்டுக் கார்க் கண்ணாடி விரிந்த கதையை இங்கே எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது.

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பது அடுத்த பஞ்சாயத்து. வெட்டிய இடத்திலேயே மெல்லியதாகப் பரப்பி விட்டால் மண்ணுக்கு மூடாக்கு, மக்கினால் உரம். "குப்பையா கிடக்குது" என்று வீட்டுக்காரம்மா கூட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுகிறாள். முந்தி என்றால் மூலையில் குவித்துத் தீக்குச்சி கிழிப்பார்கள். இப்போது திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். நான் எரிப்பதில்லை. ஆனால் அறுவடை முடிந்த வயல்களில் தாள் எரிகிற புகை, இந்த மாதங்களில் சாயங்காலமானால் வேலி தாண்டி வந்து கொடியில் காய்கிற துணியில் உட்கார்ந்துகொள்கிறது. சட்டம் என் ஒரு கோணிப் புல்லைத்தான் பார்க்கிறதா?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் வருவது பாட்டியின் ஞாபகம்.

பாட்டி தோட்டத்தில் புல்லுவேலைக்காரி. இந்த வட்டாரத்தில் கரும்பாக இருந்து, பால்மரமாகி, பிறகு செம்பனையான தோட்டங்கள் நிறைய. மாலாகோப், மேபீல்டு என்ற பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயரிலாவது மிஞ்சியிருக்கின்றன. விடியலுக்கு முன்னால் பெரட்டு, பெயர் கூப்பிடு, அப்புறம் நிரை பிடித்துப் போய் மரத்தடியில் ஒரு புல் மிஞ்சாமல் கொத்த வேண்டும். புல் தெரிந்தால் கங்காணி வாய் திறப்பான். அந்தக் காலத்து ரப்பர்த் துரைமார்களுக்குத் தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. நஷ்டம் கணக்குப் பார்த்த பிறகு, 1930களை ஒட்டித்தான், மண்ணை மூட அவரைக்கொடிகளை விட்டு வளர்க்கலாம் என்ற புத்தி வந்தது. லாலான் புல்லுக்கு மட்டும் அப்போதும் மன்னிப்புக் கிடையாது. சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். பெயரிலேயே பாஷாணம்.

பாட்டிக்குப் பிறகு அத்தைமார்கள் மருந்தடிக்கப் போனார்கள். முதுகில் தொட்டி, மூக்கில் கைத்துணி. பாராகுவாட் தெளித்த பெண்களின் நகம் கழன்றதும் மூக்கில் ரத்தம் வந்ததும் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா அமைப்பு 2002இல் தோட்டங்களில் மருந்தடிக்கிற பெண்களின் உடல்நிலை குறித்து அறிக்கை வெளியிட்டது. அந்த வருஷமே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பதினெட்டு வருஷம். ஒரு புல்லைச் சாகடிக்கிற மருந்தை நிறுத்த.

புல்லைப் பிடுங்கிப் பாட்டி கூலி வாங்கினாள். புல்லை வளர்க்க நான் கூலி கொடுக்கிறேன். தோட்டத்தில் புல் வளர அனுமதி இருந்த ஒரே இடம் துரை பங்களா முற்றம். வெள்ளை உடுப்பில் நாற்காலி போட்டு உட்கார அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. அவர்கள் ஊர்ப் புல்லின் நினைப்பு. தண்ணீர் ஊற்ற நம் ஆள் ஒருவன் இருந்தான். இப்போது துரையும் இல்லை, தோட்டமும் துண்டு துண்டாகித் தாமானாகிவிட்டது. அந்த முற்றத்தை மட்டும் அறுத்து அறுத்து ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு முன்னால் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். உட்காருகிறோமா என்றால் அதுவும் இல்லை. பகலில் வெயில், சாயங்காலம் கொசு. நான் இந்தப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு வேலை வருகிறது. தைப்பொங்கலன்று மூன்று கல் வைத்துப் பானை ஏற்றுகிறோம். பால் பொங்குகிறது, எல்லாருக்கும் மகிழ்ச்சி, அடியில் வட்டமாகக் கருகிய இடம் சித்திரைவரை அப்படியே இருக்கிறது.

யோசனை சொல்கிறவர்களை என்ன செய்வது? அரிசி கழுவிய நீர் ஊற்று என்கிறார் சம்பந்தி. ஆற்றுமணல் தூவு என்கிறார் கடைக்காரர்; மணலையும் அவரே விற்கிறார். உரத்தில் பச்சை பாஜாவா நீல பாஜாவா என்று இவர்களுக்குள் ஒரு விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. பதினைந்து பதினைந்து பதினைந்து என்று மூட்டையில் எழுதியிருக்கிற பச்சை பாஜாவைக் காய்ந்த மண்ணில் போட்டால் மிச்சமிருக்கிற வேரும் வெந்துபோகும் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவில் இல்லை. மழை திரும்புகிறவரை உரப்பையைத் தொடாமல் இருப்பதுதான் செய்யக்கூடிய ஒரே மரியாதை.

எதிர்வீட்டுப் பெரியவர் புத்திசாலி. வந்த வருஷமே மொத்தத்தையும் சிமெண்ட் போட்டு, கூரை இறக்கி, இரண்டு கார் நிறுத்திவிட்டார். ஹரி ராயாவுக்கு அங்கே நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நானும் போட்டுவிடலாம். ஆனால் அக்டோபர் மழையில் தெருவில் தண்ணீர் கணுக்கால்வரை நிற்கிறபோது அது இறங்குகிறது என்றால் என் வாசல் மாதிரி மிச்சமிருக்கிற நாலைந்து வாசல்களில்தான். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அருகம்புல்லுக்கு மாற்றிவிடுகிறேன், மண்ணைத் தோண்டிச் செங்கல்லை எடுத்துவிடுகிறேன் என்றால், "இந்த வயசுல மண்வெட்டியா?" என்று லீட்ஸிலிருந்து உடனே போன் வருகிறது.

மகளும் மருமகனும் சேர்ந்து கடைசியாகக் கண்டுபிடித்த தீர்வு பிளாஸ்டிக் புல். வருஷம் முழுக்கப் பச்சை, வெட்ட வேண்டாம், பாஜா வேண்டாம், புல்வெட்டுகிறவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பணமும் அவர்களே அனுப்புகிறார்களாம். மனம் கொஞ்சம் ஆடிப்போய்க் கடையில் விசாரித்தேன். மாதிரித் துண்டு ஒன்றைக் கடைக்கு வெளியே வெயிலில் விரித்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கால் வைத்தேன், அப்படியே எடுத்துக்கொண்டேன். கடைப்பையன் கொஞ்சமும் அசராமல் சொன்னான்: "மத்தியானம் கொஞ்சம் சூடாகும் அங்கிள். ஒண்ணுமில்ல, டெய்லி பைப்ப புடிச்சுத் தண்ணி அடிச்சா போதும்."